கில்பினா, ஸ்நார்க்கா, குழலூதியா? விக்டோரியா காலப் படக்கவிதைகளில் எதை முதலில் வாங்கலாம்

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் வேடிக்கையான கதைப்பாடல்களுக்குப் படம் போட்டு நூலாகக் கொண்டுவருவது பெரிய தொழிலாகவே நடந்தது. அந்த நூல்களில் ஒன்றே ஒன்றை வாங்கவேண்டும், பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டவேண்டும், பெரியவர்களும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும்படி இருக்கவேண்டும் என்றால் எதை வாங்குவது? என் கணக்கில் கடைசிவரை நிற்பவை மூன்று. வில்லியம் கூப்பரின் ‘ஜான் கில்பின்’, ராண்டால்ஃப் கால்டிகாட்டின் படங்களோடு 1878-இல் வந்தது. லூயிஸ் கரோலின் ‘ஸ்நார்க் வேட்டை’, ஹென்றி ஹாலிடேயின் படங்களோடு 1876-இல் வந்தது. ராபர்ட் பிரவுனிங்கின் ‘ஹேமலின் குழலூதி’, கேட் கிரீனவேயின் படங்களோடு 1888-இல் வந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் வாங்கவேண்டியது கில்பின். ஒரு வேடிக்கைப் பாட்டுக்குப் போடும் படம் பாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடவேண்டும், பாட்டு சொல்லாமல் விட்டதைத் தானாகச் சொல்லவேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரச் செய்தவர் கால்டிகாட். மற்ற இருவரும் பெரிய கலைஞர்கள்தான், ஆனால் அவர்களின் கவனம் வேறு இடத்தில் இருந்தது. அந்த வேறு இடம்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் உங்கள் தேர்வும் மாறும்.

கில்பினின் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனின் சீப்சைடு கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் ஜான் கில்பின். கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது, ஒருநாள்கூட வெளியே போய்க் கொண்டாடியதில்லை. நாளைக்கு எட்மண்டனில் இருக்கும் ‘பெல்’ விடுதிக்குப் போய்ச் சாப்பிடலாம் என்கிறாள் மனைவி. அவளும் அவள் சகோதரியும் பிள்ளைகளும் ஏறினால் குதிரைவண்டி நிறைந்துவிடும். அதனால் கில்பின் நண்பர் ஒருவரிடம் குதிரை இரவல் வாங்கிப் பின்னால் வரவேண்டும். விடுதியில் ஒயின் விலை அதிகம், வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம் என்றும் அவள் சொல்கிறாள். கொண்டாடக் கிளம்பும்போதும் சிக்கனத்தை விடவில்லையே என்று கில்பினுக்கு ஒரே பூரிப்பு, அவளுக்கு ஒரு முத்தம் கொடுக்கிறார். மறுநாள் வண்டி வாசலுக்கே வரவில்லை, மூன்று வீடு தள்ளி நிற்கிறது. அக்கம்பக்கத்தார் பார்த்து ‘இவளுக்கு வந்த பவிசைப் பார்’ என்று பேசிவிடக் கூடாதாம். வண்டி கிளம்புகிறது. கில்பின் குதிரைமேல் ஏறி உட்காரும் நேரம் பார்த்துக் கடைக்கு மூன்று வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். நேரம் போனால் வருத்தம்தான், காசு போனால் அதைவிட வருத்தம் ஆயிற்றே! இறங்கிவிடுகிறார். அவர்களைக் கவனித்து அனுப்புவதற்குள் பெட்டி என்ற வேலைக்காரப் பெண் மாடியிலிருந்து கத்திக்கொண்டே வருகிறாள்: ஒயினை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்!

இரண்டு கல் ஜாடிகளையும் இடுப்பு வாரில் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு கில்பின் கிளம்புகிறார். குதிரை பிடறி தெறிக்க ஓடுகிறது. தொப்பி போகிறது, பொய்முடி போகிறது, மேலங்கி பறக்கிறது, ஜாடிகள் உடைந்து ஒயின் தெருவில் வழிகிறது. உடைந்த ஜாடிகளின் கழுத்து மட்டும் இடுப்பில் தொங்குகிறது. பார்த்தவர்கள் இவர் ஏதோ பெரிய பந்தயத்தில், எடை கட்டிக்கொண்டு ஓடுகிறார் என்று நினைக்கிறார்கள். சுங்கச்சாவடிக்காரர்கள் இவருக்காகக் கதவை அகலத் திறந்துவிடுகிறார்கள். எட்மண்டனில் மாடி முகப்பில் நின்று மனைவி கூப்பிடுகிறாள்: நில்லுங்கள், வீடு இதுதான், சாப்பாடு காத்திருக்கிறது, நாங்களும் களைத்துப்போனோம்! நானும்தான் என்று சொல்லிக்கொண்டே கில்பின் அவளைக் கடந்து போய்விடுகிறார். குதிரையின் சொந்தக்காரருக்கு இன்னும் பத்து மைல் தள்ளி வேர் என்ற ஊரில் ஒரு வீடு இருக்கிறது. குதிரை நேராக அங்கே போய்த்தான் நிற்கிறது. அங்கே ஒரு கழுதை கத்த, மிரண்டுபோய் வந்த வழியே திரும்பி லண்டனுக்கே ஓடிவந்துவிடுகிறது. கில்பின் ஏறிய இடத்திலேயே இறங்குகிறார். கல்யாண நாள் விருந்து நடக்கவே இல்லை.

கூப்பர் இதை எழுதியது 1782-இல், ஓல்னி என்ற சிற்றூரில். தீராத மனச்சோர்வோடு வாழ்ந்த மனிதர் அவர். அவரைத் தேற்றுவதற்காக லேடி ஆஸ்டன் என்ற தோழி, சின்ன வயதில் தான் கேட்ட இந்தக் கதையைச் சொன்னார். அவர் இரவெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்துவிட்டுப் பாட்டாக்கினார் என்பார்கள். பத்திரிகையில் பெயர் போடாமல்தான் முதலில் வந்தது. 1785-இல் ஹெண்டர்சன் என்ற நடிகர் மேடையில் சொல்லிக்காட்டிய பிறகு ஊரெல்லாம் பரவியது.

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்துக் கால்டிகாட் இதைக் கையில் எடுத்தார். 1846-இல் செஸ்டரில் பிறந்தவர், வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர். விட்சர்ச் என்ற கிராமப்புற ஊரில் வேலை பார்த்த காலத்தில் குதிரை ஏறினார், வேட்டைக்குப் போனார், சந்தைகளில் சுற்றினார், பார்த்ததையெல்லாம் வரைந்தார். அதனால் அவருடைய குதிரைகளைப் பார்த்தாலே இவர் குதிரை ஏறியவர் என்று தெரிந்துவிடும். பாய்ச்சலில் உடம்பு எப்படி நீளும், மிரளும்போது காது எப்படிப் போகும், சவாரி தெரியாதவன் எப்படித் தொற்றிக்கொள்வான் என்பதெல்லாம் ஒன்றிரண்டு கோட்டில் வந்துவிடும். கோடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பிழையும் குறையும் என்பது அவர் கொள்கை.

ஒரு படத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். குதிரை ஊருக்குள் பாயும் இடத்தில் கூப்பர் சொல்வது: நாய்கள் குரைத்தன, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. அவ்வளவுதான். கால்டிகாட்டின் படத்தில் குதிரையின் காலடியில் ஒரு வாத்துக் கூட்டமே சிறகடித்துப் பதறிக்கொண்டிருக்கிறது. பாட்டில் வாத்து வருவது பின்னால் வேறொரு இடத்தில், அதுவும் வெறும் உவமையாக: எட்மண்டன் நீரோடையில் காட்டுவாத்து விளையாடுவதுபோலக் குதிரை தண்ணீரை வாரி இறைத்தது என்கிறார் கூப்பர். தெருவில் நிற்கும் வாத்துகள் கால்டிகாட் கொண்டுவந்தவை. அவை வந்ததும் படத்துக்கே சத்தம் வந்துவிடுகிறது. அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல், சிறந்த படநூல் ஓவியருக்கு ஆண்டுதோறும் கால்டிகாட் பதக்கம் கொடுத்துவருகிறது. அதன் முகப்பில் பொறித்திருப்பது இந்தக் காட்சிதான், வாத்துகளோடு சேர்த்து.

இன்னொன்று, இந்த நூலின் பக்க அமைப்பு. ஒன்றிரண்டு பத்திப் பாட்டு, உடனே ஒரு படம், திருப்பினால் அடுத்த படம். பழுப்பு மையில் அச்சடித்த கோட்டோவியங்கள் வரிசையாக ஓட, நடுநடுவே முழு வண்ணப் படங்கள் வரும். உரக்கப் படிக்கும்போது இதன் அருமை தெரியும். வாய் வரியைச் சொல்லி முடிக்கும்போது கண் படத்துக்குப் போயிருக்கும், சிரிப்பு வருவதற்கும் பக்கத்தைத் திருப்புவதற்கும் சரியாக இருக்கும். கால்டிகாட்டுக்கு முன்பே, 1828-இல், ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் இதே கில்பினுக்கு ஆறு படம் போட்டிருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் அவையும் நல்ல படங்கள். ஆனால் ஆறு படத்தை வைத்துக்கொண்டு இந்த ஓட்டத்தைக் காட்ட முடியாது.

அச்சடித்தவரையும் சொல்லவேண்டும். எட்மண்ட் எவன்ஸ் இல்லையென்றால் கில்பினும் இல்லை, கிரீனவேயின் குழலூதியும் இல்லை. கால்டிகாட்டின் பேனாக் கோடுகளை மரக்கட்டையில் செதுக்கிப் பழுப்பு மையில் ஒரு படி எடுப்பார். அதில் கால்டிகாட் வண்ணம் தீட்டிக் கொடுப்பார். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார். செலவு முழுவதையும் எவன்ஸ் ஏற்றுக்கொண்டார். கால்டிகாட்டுக்கு விற்ற பிரதிக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. ரௌட்லெட்ஜ் நிறுவனம் ஒரு ஷில்லிங் விலையில் வெளியிட்டது. 1878 முதல் 1885 வரை வருஷத்துக்கு இரண்டாகப் பதினாறு நூல்கள் இப்படி வந்தன. அடுத்த வருஷம் பிப்ரவரியில் கால்டிகாட் ஃபுளோரிடாவில் இறந்துபோனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

கில்பினில் குறையே இல்லையா? இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலம், லண்டன் கடைத்தெரு வழக்கு, நகர்ப்படைத் தலைவர் பதவி, துணிக்கு மெருகு போடும் தொழில் எல்லாம் பாட்டில் வருகின்றன. நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வரிக்கு வரி புரியாது. ஆனால் படம் முக்கால்வாசியைச் சொல்லிவிடுவதால் நிறுத்தி விளக்கவேண்டிய இடம் குறைவு. முதல் தடவை கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே படங்களைக் காட்டுங்கள், இரண்டாவது தடவை பாட்டை ஆங்கிலத்தில் படியுங்கள். ஏழு, எட்டு வயதிலேயே இது நடக்கும்.

ஸ்நார்க் வேறு சாதி. அங்கே கதை இன்னும் விசித்திரம். ஸ்நார்க் என்ற, யாருமே பார்த்திராத பிராணியைத் தேடி ஒரு கப்பல் போகிறது. மணியடிப்பவர் தலைமை, மொத்தம் பத்துப் பேர், அதில் ஒன்று நீர்நாய்போல இருக்கும் பீவர். ரொட்டி சுடுகிறவர் தன் பெயர் தெளிவாக எழுதிய 42 பெட்டிகளைக் கட்டிவைத்துவிட்டு எல்லாவற்றையும் கரையிலேயே மறந்துவிட்டு வருகிறார். தன் பெயரையும் மறந்துவிட்டார். ஸ்நார்க்கில் பூஜம் என்று ஒரு வகை உண்டு, அது எதிர்ப்பட்டால் பார்த்தவர் சத்தமில்லாமல், சட்டென்று மறைந்துபோவார் என்று அவருடைய மாமா எச்சரித்திருக்கிறார். கடைசியில் அதுதான் நடக்கிறது. கரோலுக்கு முதலில் தோன்றியது ‘அந்த ஸ்நார்க் ஒரு பூஜம்’ என்ற கடைசி வரிதான். 1874 ஜூலையில் கில்ட்ஃபோர்டு பக்கம் தனியாக நடந்துகொண்டிருந்தபோது வந்த வரி, மீதிப் பாட்டெல்லாம் பிறகு அதற்காக எழுதியது.

ஹாலிடே ஓவியர், கண்ணாடிச் சித்திரக்காரரும்கூட. கரோல் முதலில் மூன்று படம்தான் கேட்டார், அது ஒன்பதாக வளர்ந்தது. எல்லாம் கறுப்பு வெள்ளை. தலை பெரிதாக, முகம் இறுக்கமாக, நிழல் அடர்த்தியாக இருக்கும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் நுழைந்து தேடலாம். கப்பலிலிருந்து ஆட்களை இறக்கும் காட்சியில் மணியடிப்பவர் ஒருவரின் தலைமுடியை விரலில் சுற்றித் தூக்கிப் பிடித்திருப்பார், பாட்டில் சொன்னது சொன்னபடி. இவை தவிர நூலில் கடல் வரைபடம் ஒன்றும் உண்டு: சுற்றிலும் திசைகள், நடுவில் வெறும் வெள்ளைத் தாள். நிலமே காட்டாத வரைபடம் என்பதால் எல்லோருக்கும் புரிகிறதாம்! பிள்ளைகள் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இதில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் இல்லாத படம். ஹாலிடே பூஜமையும் வரைந்துவிட்டார். கரோல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பூஜம் யாராலும் கற்பனை செய்ய முடியாததாகவே இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அதனால் கடைசிப் படத்தில் இருப்பது இருண்ட பாறை. உற்றுப் பார்த்தால் அந்த இருட்டுக்குள் ஒரு பெரிய முகம், பயத்தில் விறைத்த முகம், மெல்லத் தெரியும். மணிக்கட்டை ஏதோ ஒன்று பிடித்து இழுப்பதும் தெரியும். அது அலகா நகமா என்று சொல்ல முடியாது.

இவ்வளவு சிறப்பு இருந்தும் ஏன் முதலிடம் இல்லை? 141 பத்திகள், ஒன்பது படங்கள். கிட்டத்தட்ட பதினைந்து பத்திகளுக்கு ஒரு படம். உரக்கப் படிக்கும்போது சின்னப் பிள்ளைகள் நடுவில் கழன்றுவிடுவார்கள். பொருளில்லாச் சொற்கள் வேறு. பன்னிரண்டு வயதுக்கு மேல், தானாகப் படிக்கிற பிள்ளைக்கு, புதிர் பிடிக்கும் என்றால் இதைத் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். வாங்கும்போது ஹாலிடேயின் படங்கள் உள்ளனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மெர்வின் பீக், தூவே யான்சன் போன்றவர்களும் இதே பாட்டுக்குப் படம் போட்டிருக்கிறார்கள். அவை நல்லவைதான், ஆனால் விக்டோரியா காலத்துச் சூழல் அவற்றில் இருக்காது.

குழலூதிக்கு வருவோம். பிரவுனிங் இதை எழுதியதே படம் போடுவதற்காகத்தான். மக்ரெடி என்ற நடிகரின் மகன் வில்லி உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான், படம் வரைவதில் அவனுக்கு ஆசை. அவன் வரைவதற்கு ஏற்றாற்போல ஒரு கதைப்பாட்டு வேண்டும் என்று எழுதியது 1842-இல் நூலில் சேர்ந்தது. பையன் வரையவும் செய்தான். ஆக, இந்தப் பாட்டின் முதல் ஓவியர் படுக்கையில் இருந்த ஒரு சிறுவன். 46 வருஷம் கழித்து வந்த கிரீனவே, கால்டிகாட் பிறந்த அதே 1846 மார்ச்சில் அவருக்கு ஐந்து நாள் முன்னதாகப் பிறந்தவர். அதே எவன்ஸ், அதே ரௌட்லெட்ஜ்.

பாட்டின் முதல் பாதி கும்மாளம். எலிகள் நாயோடு சண்டை போடுகின்றன, பூனையைக் கொல்கின்றன, சமையல்காரரின் கரண்டியிலிருந்தே சூப்பை நக்குகின்றன, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிக்குள் கூடு கட்டுகின்றன. குழலை ஊதியே எலிகளை ஒழித்துத் தருகிறார் குழலூதி. பேசிய ஆயிரம் கில்டர் நாணயத்தைக் கொடுக்காமல் ஐம்பது தருகிறேன் என்கிறார் மேயர். அதற்குப் பழியாக ஊர்ப் பிள்ளைகளைக் குழலூதி மலைக்குள் அழைத்துப் போய்விடுகிறார். முதல் பாதியின் கும்மாளத்துக்குக் கிரீனவேயின் கை ஒத்துவரவில்லை என்பதே என் கருத்து. அவருடைய மனிதர்கள் கத்துவதில்லை, தடுமாறுவதில்லை. நகரசபைப் பெரியவர்கள்கூட அமைதியாக நிற்கிறார்கள். ஆனால் குழந்தைகள் குழலின் பின்னால் போகத் தொடங்கியதும் நூல் அவருடையதாகிவிடுகிறது. மென்மையான சிவப்பு, பச்சை, நீண்ட கவுன் போட்ட குட்டிப் பெண்கள், கை கோத்த வரிசை. மலைக்குள் போன பிள்ளைகள் என்ன ஆனார்கள்? பிந்திப்போய் வெளியே நின்றுவிட்ட கால் ஊனமான பையனின் வாய்வழியாக, பழமரமும் பூவும் நிறைந்த ஒரு நாடு இருந்ததாம் என்று மட்டும்தான் பாட்டு சொல்கிறது. கிரீனவே அந்த நாட்டை வரைந்தே காட்டிவிடுகிறார், பூத்த மரத்தடியில் குழலூதியையும் அவரைச் சுற்றிப் பிள்ளைகளையும் வைத்து. இரவில் படித்துவிட்டுப் பயந்துபோகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே கிரீனவேயின் பதிப்பு மற்றப் பதிப்புகளைவிட நல்லது. வேடிக்கைதான் வேண்டும் என்று தேடுபவர்களுக்கு இது ஏமாற்றம் தரும்.

சரி, கில்பின் என்று முடிவாயிற்று. எந்த வடிவில் வாங்குவது? பழைய தனிப் பிரதிகள் பழம்புத்தக வியாபாரிகளிடம் கிடைக்கும், ஆனால் சேகரிப்பவர்களுக்குத்தான் அது தேவை. வாங்கும் முன் பார்க்க நினைப்பவர்களுக்கு மூன்று நூல்களும் புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் தடையில்லை. கைப்பேசியில் பார்க்காதீர்கள். இரண்டு பக்கம் ஒருசேரத் தெரியும் பெரிய திரையில் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த ஓட்டம் கண்ணுக்குப் பிடிபடாது.

வீட்டில் வைத்துக்கொள்ள என்றால் கால்டிகாட்டின் முதல் படத்தொகுதிதான் என் பரிந்துரை. கில்பினோடு ‘ஜாக் கட்டிய வீடு’, ‘காட்டில் விடப்பட்ட குழந்தைகள்’, கோல்ட்ஸ்மித்தின் ‘வெறிநாயின் மரணம்’ ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருக்கும். அந்த வெறிநாய்ப் பாட்டு மொத்தமே முப்பத்திரண்டு வரி. ஊரே புகழும் ஒரு நல்ல மனிதரை நாய் கடித்துவிடுகிறது, அவர் செத்துவிடுவார் என்று ஊர் அழுகிறது, கடைசியில் செத்தது நாய். கில்பினுக்கு உட்காரப் பொறுமை இல்லாத பிள்ளையிடம் இதிலிருந்து தொடங்கலாம்.

மறுபதிப்பு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மலிவாக அச்சடித்துத் தரும் பதிப்புகளில் வண்ணப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு பழுப்புக் கோட்டோவியங்களை விட்டிருக்கிறார்களா, அல்லது எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டார்களா என்று மாதிரிப் பக்கங்களைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தப் பழுப்புப் படங்கள் இல்லாத கில்பினை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம்.